அரைச் சாண் தூரம்

சோடாக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து சாயங்காலம் நாலு மணிவரை தன் சொந்த வீட்டுக்குள்ளேயே தொலைந்துபோய்க் கிடந்தாள். வீடு ஒன்றும் அரண்மனை இல்லை. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, திரும்பினால் முழங்கை இடிக்கும் சமையலறை, துணி காயப்போட ஒரு பால்கனி. மூன்றாவது மாடி. அதற்குள் ஏழு மணி நேரம் தவழ்ந்து தேடியும் மூக்குக்கண்ணாடி கிடைக்கவில்லை. கண்ணாடியைத் தேடக் கண்ணாடி வேண்டும் என்பதுதான் அவளுடைய நாற்பது வருஷத் தலைவலி.

அவளுக்கு மைனஸ் எட்டு. முகத்திலிருந்து அரைச் சாண் தூரம்வரை எறும்பின் மீசையைக்கூட எண்ணிவிடுவாள். அதற்கு அப்பால் உலகம் கரைந்துவிடும். கதவு ஒரு பழுப்பு, ஜன்னல் ஒரு வெளிச்சம், மனுஷர்கள் நகரும் நிறங்கள். பள்ளிக்கூடத்தில் சோடாபுட்டி என்று கூப்பிட்டார்கள். அழுதிருக்கிறாள். இப்போது வேலை செய்யும் இடத்தில் அதையே மரியாதையாகச் சுருக்கி சோடாக்கா என்கிறார்கள். திரும்பிப் பார்க்கிறாள், அவ்வளவுதான்.

அன்றைக்குக் குளிக்கப் போகுமுன் கழற்றினது நினைவிருக்கிறது. எங்கே வைத்தோம் என்பது நினைவில்லை. ஜன்னல் விளிம்பு, அலமாரி, கட்டிலுக்கு அடியில், அரிசி டப்பாவின் மூடிமேல் என்று கையால் தடவித் தடவி வீட்டையே துடைத்தாயிற்று. நடுவில் துவைக்கும் இயந்திரம் கடகடவென்று சத்தம் போட்டது. ஏதோ பித்தான் கழன்றுவிட்டது என்று நினைத்து, அதன்மேல் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். பழைய கண்ணாடி ஒன்று உண்டு. அதன் கால் போன மாதமே உடைந்து, ஒட்டக் கொடுத்த கடையில் இருந்தது. அடுத்த வீட்டுக் கதவைத் தட்டலாம். தட்டி என்ன சொல்வது? "என் வீட்டுல வந்து என் மூக்குக்கண்ணாடியத் தேடிக் குடுங்க" என்றா? அந்த வீட்டுக்காரர்கள் குடிவந்து ஐந்து மாதம் ஆகிறது, அவர்கள் முகத்தையே அவள் இன்னும் சரியாகப் பார்த்ததில்லை. அடுப்பைப் பற்றவைக்கப் பயந்து மத்தியானம் ரொட்டியை வெறுமனே தின்றாள்.

அவள் கணவர் இருந்தவரை இந்தப் பிரச்சனையே இல்லை. தினமும் காலையில் அவள் கட்டிலில் உட்கார்ந்து கையை நீட்டினால் கண்ணாடி கையில் வந்து விழும். "இன்னிக்கு என் வயசு உனக்குத் தெரியாமலே இருக்கட்டுமே, கொஞ்சம் லேட்டா போடேன்" என்பார். அவர் போய் நாலு வருஷம் ஆகிறது. நீட்டின கைக்கு இப்போது எதுவும் வருவதில்லை. அன்றைக்குத் தரையில் உட்கார்ந்திருந்தபோது அவளுக்குக் கண்ணாடியைவிட அவர்தான் தொலைந்துபோனதாகத் தோன்றியது. கொஞ்சம் அழுதாள்.

நாலு மணிக்கு மகள் போன் பண்ணினாள். வேறு ஊரில் லிஃப்ட் கம்பெனியில் வேலை. உயரமான கட்டிடங்களில் லிஃப்ட் சரியாக ஓடுகிறதா என்று கூண்டின் கூரைமேல் ஏறிப் பார்க்கிற வேலை. பயம் தெரியாத பெண். ஆனால் அம்மாவின் குரலில் ஒரு நூல் இழை மாறினாலும் அவளுக்குத் தெரிந்துவிடும்.

"என்னம்மா, ஒரு மாதிரி பேசறே?"

"ஒண்ணுமில்லடி. கண்ணாடிய எங்கயோ வெச்சுட்டேன்."

"எப்போலேர்ந்து?"

"இப்பதான். கொஞ்ச நேரமா."

"அம்மா. எப்போலேர்ந்து?"

"காலையிலேர்ந்து."

அடுத்த நிமிஷமே மகள் மாவுக்கு போன் பண்ணிவிட்டாள். மாவு என்பவள் சோடாக்காவோடு வேலை செய்கிறவள். பற்களின் அச்சுக்கு பிளாஸ்டர் கரைத்து ஊற்றுவது அவள் வேலை என்பதால் தலைமுடி, புருவம் எல்லாம் எப்போதும் வெள்ளையாகத்தான் இருக்கும், பெயரும் அப்படித்தான் வந்தது. மழையில் இரண்டு பஸ் மாறி வந்தாள். வந்ததும் துவைக்கும் இயந்திரத்தைத் திறந்து, நைட்டியின் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துக் கொடுக்க அவளுக்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை.

"நல்லா வெளுத்திருக்கு அக்கா," என்றாள். "இனிமே பளிச்சுனு தெரியும்."

இருவரும் சிரித்தார்கள். மாவு முட்டையும் உருளைக்கிழங்கும் அவித்துக் கொடுத்து, அவள் சாப்பிடும்வரை இருந்துவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலமே மகளின் தீர்ப்பு வந்துவிட்டது. கடல் தாண்டி ஒரு நாட்டில் அவள் கம்பெனிக்குக் கிளை. அங்கே இரண்டு வருஷ வேலைக்கு அவளைக் கேட்டிருந்தார்கள். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"நீ லேசர் பண்ணிக்கோ. கண்ணாடியே வேண்டாம்னு ஆயிடும். பண்ணிக்கிட்டா நான் போறேன். இல்லன்னா போகல."

"இதுக்கும் அதுக்கும் என்னடி சம்பந்தம்?"

"இங்கேர்ந்து ஒரு ராத்திரி பஸ் ஏறினா உன்கிட்ட வந்துடலாம். அங்கேர்ந்து எப்படிம்மா வருவேன்? நீ தரையில உக்காந்து தடவிட்டிருப்பே, நான் அங்க நிம்மதியா லிஃப்ட் பாப்பேனா?"

மகள் பிடித்த பிடியை விடமாட்டாள். அப்பா புத்தி. சோடாக்காவுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. கண்ணாடி இல்லாமல் காலையில் எழுந்து ஜன்னலைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? பார்த்துவிடுவோமே என்று வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

ஏழெட்டு இயந்திரங்களில் தாடையை வைத்து எடுத்தபிறகு, மகளைவிடக் கொஞ்சம் மூத்தவளாக இருந்த டாக்டரம்மா காகிதங்களைப் புரட்டினாள்.

"பண்ணலாம். கருவிழி நல்ல கனமா இருக்கு. என்ன வேலை பாக்கறீங்க?"

"பல்லு செய்யற லேப்ல இருக்கேன்மா. டாக்டருங்க அச்சு எடுத்து அனுப்புவாங்க. அதுக்குத் தகுந்த மாதிரி கேப்பு செய்வோம்."

"அப்போ பக்கத்துல வெச்சுப் பாக்கற வேலை. பூதக்கண்ணாடி மாட்டிப் பாப்பீங்களா?"

"மத்தவங்கெல்லாம் மாட்டிப்பாங்க. நான் கண்ணாடியக் கழட்டிடுவேன். கழட்டிட்டு இப்படி மூக்குகிட்ட வெச்சா எல்லாம் தெரியும்." கையில் இல்லாத பல் ஒன்றை மூக்கருகே பிடித்துக் காட்டினாள்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "அது போயிடும்மா."

"எது?"

"அந்தக் கிட்டப் பார்வை. உங்களுக்கு நாப்பத்தஞ்சு வயசு. லேசர் பண்ணினா தூரம் ஜோரா தெரியும். ஆனா கிட்டத்துல பாக்க, படிக்க, கண்ணாடி போட்டே ஆகணும். அதையும் போட்டுக்கிட்டு இவ்ளோ பக்கத்துல தெரியாது, கொஞ்சம் தள்ளித்தான் தெரியும். திருப்பிக் கொண்டு வரவும் முடியாது."

சோடாக்கா மூக்கருகே பிடித்திருந்த விரல்களைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவசரப்பட வேண்டாம். கண்ணு மேல வெச்சுக்கற கான்டாக்ட் லென்ஸ் தரேன். ஒரு வாரம் போட்டுட்டு வீட்டுலயும் வேலையிலயும் இருந்து பாருங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் உங்க பார்வை ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். புடிச்சா வாங்க."

லென்ஸ் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கைக்கு வந்தது. அந்த வாரத்தின் முதல் இரண்டு நாள் சனியும் ஞாயிறும். அந்த இரண்டு நாளும் அவள் புதுப்பெண் மாதிரி இருந்தாள் என்றுதான் சொல்லவேண்டும். குளிக்கும்போது தன் கால்விரல்களைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும்போது கால்விரலைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. கூரை மூலையில் ஒரு ஒட்டடை. மழைக்குப் பால்கனியில் போய் நின்றாள், துடைக்க எதுவும் இல்லை, மழை நேராக முகத்தில் விழுந்தது. எதிர் மாடியில் ஒரு கிழவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார், கொட்டுகிற மழையில். அவரைப் பார்த்துச் சிரித்தாள். மகளுக்கு போன் பண்ணி அந்தக் கிழவரைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினாள். "பண்ணிக்கப் போறே, தெரிஞ்சுடுச்சு," என்றாள் மகள். "இருடி, வாரம் முடியட்டும்," என்றாள் இவள். ஆனால் மனசுக்குள் பாதி முடிவாகிவிட்டது.

திங்கட்கிழமை லேபுக்குப் போனாள்.

லேப் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு பல்பொருள் கடைக்கு மேலே நீளமான ஓர் அறை. வாசலருகே மாவுவின் தொட்டி, நடுவில் முதலாளி மேஜை, ஜன்னலோரம் சோடாக்காவின் இடம். வருகிற பல் எல்லாம் ஊர் பேர் தெரியாதவர்களுடையது. ஒரு சீட்டில் எண் இருக்கும், நிறம் இருக்கும், ஆணா பெண்ணா, என்ன வயசு என்று இருக்கும். பிளாஸ்டர் தாடையில் டாக்டர் செதுக்கிவிட்ட பல் ஒரு கட்டையாக நிற்கும். அதன் விளிம்பைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் மயிரிழைக் கோடு போட்டு, அந்தக் கோட்டில் வந்து உட்காருகிற மாதிரி கேப் செய்ய வேண்டும். ஈரமான செராமிக் மாவைப் பிரஷ் நுனியில் எடுத்து எடுத்து வைத்து, பல்லாக எழுப்பி, சின்ன அடுப்பில் சுட்டு, தேய்த்து, மறுபடி சுட வேண்டும். கோட்டுக்கும் கேப்புக்கும் நடுவில் நகம் மாட்டுகிற இடைவெளி இருந்தால் போயிற்று, உள்ளே சொத்தை விழுந்துவிடும். சோடாக்கா பத்தொன்பது வருஷமாகச் செய்கிறாள். ஒரு பல் திரும்பி வந்ததில்லை. ஒவ்வொன்றையும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தருகே வைத்து, பக்கத்தில் யாராவது இருமினால்கூடக் காதில் விழாமல் பார்ப்பாள். அந்த முன்பல்லை மாட்டிக்கொண்டு யாரோ ஒருவர் எங்கேயோ சிரிப்பார். அவர் யார் என்று அவளுக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை.

அன்றைக்கு முதல் பல்லைக் கையில் எடுத்ததும் வழக்கம்போல் கண்ணாடியைக் கழற்றக் கையைத் தூக்கினாள். கை வெறும் நெற்றியில் இடித்தது. மாவு பார்த்துவிட்டுச் சிரித்தாள். சோடாக்காவும் சிரித்தாள். பல்லை மூக்கருகே கொண்டுபோனாள். வெள்ளையாக ஏதோ இருந்தது. அவ்வளவுதான் தெரிந்தது.

முதலாளி தன் தலையில் மாட்டுகிற பூதக்கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். "இத மாட்டிக்கோம்மா. நான் இருபது வருஷமா இதுலதான் பண்றேன். செத்தா போயிட்டேன்? ஒரு மாசத்துல கை பழகிடும்."

அவர் சொன்னது பொய்யில்லை. எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். அவளுக்கும் தெரிந்தது, ஆனால் தள்ளித் தெரிந்தது. யாரோ செய்கிற வேலையை ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது. அன்றும் மறுநாளும் சேர்த்து ஐந்து பல் முடித்தாள். வழக்கமாக இரண்டு நாளில் ஒன்பது முடிப்பாள். புதன்கிழமை பிளாஸ்டர் தூசி லென்ஸுக்கும் கண்ணுக்கும் நடுவில் போய் உட்கார்ந்து, இரண்டு கண்ணும் மிளகாய் அரைத்த கையால் கசக்கின மாதிரி சிவந்துவிட்டன. ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். "இந்தத் தூசியில லென்ஸ் சரிப்படாது, இனிமே தொடாதீங்க. ஆபரேஷன் பண்ணினா இந்தத் தொல்லை இருக்காது, யோசிச்சுச் சொல்லுங்க," என்று சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். வியாழக்கிழமை ஒரு கேப் திரும்பி வந்தது. சீட்டின் பின்னால் டாக்டர் எழுதியிருந்தார்: விளிம்பில் சோதிக்கும் கம்பி மாட்டுகிறது, இடைவெளி இருக்கிறது.

முதலாளி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள்தான் அந்தப் பல்லைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். சீட்டில் பெண், அறுபத்திரண்டு என்று இருந்தது. அந்த அம்மா இன்னொரு வாரம் அந்தப் பக்கத்தில் மெல்லாமல் காத்திருக்க வேண்டும்.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு மாவுவிடம் சொன்னாள்.

"நான் பண்ணிக்கப் போறதில்ல."

"ஒரு பல்லு வந்ததுக்கா? ஐயோ அக்கா, எனக்கு வாரத்துக்கு ரெண்டு அச்சு உடையுது. நான் என்ன லேபையே மூடிட்டேனா?"

"பல்லுக்காக இல்லடி. அது பழகிடும், சார் சொன்ன மாதிரி."

"அப்பறம் எதுக்கு?"

சோடாக்கா முட்டையைப் பிட்டபடியே யோசித்தாள். சொல்வதா வேண்டாமா என்று இருந்தது. மாவுவிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

"அவரோட முகத்த நான் கண்ணாடி போட்டுப் பாத்தது கம்மி. கழட்டிட்டுப் படுத்தாத்தான் அவரு முகம் பக்கத்துல வரும். ஒவ்வொரு மயிரும் தெரியும். கண்ணு ரெப்பையில ஒரு மச்சம் இருந்துச்சு, அவருக்கே தெரியாது. பாப்பா பொறந்தப்போ அவளையும் அப்படித்தான் பாத்தேன், பால் குடுக்கும்போது. இந்தத் தூரத்துலதான்டி நான் மனுஷங்களப் பாத்திருக்கேன். மத்ததெல்லாம் கண்ணாடி காட்டினது. இப்போ அந்தத் தூரத்துக்கு யாரும் வரதில்ல, பல்லு மட்டுந்தான் வருது. இருந்தாலும் அதையும் அடைச்சுடணுமான்னு இருக்கு."

மாவு மெல்வதை நிறுத்தியிருந்தாள். பிறகு தன் டப்பாவிலிருந்து ஒரு கிழங்குத் துண்டை எடுத்து அவள் டப்பாவில் போட்டாள்.

"சரி, பாப்பா போகமாட்டேங்கறாளே, அதுக்கு என்ன பண்ணுவே?"

"பண்ணிக்கிட்டேன்னு சொல்லிடறேன்."

"என்னது?"

"பண்ணிக்கிட்டேன்னு சொல்றேன். அவ போகட்டும். அவ அப்பா செத்ததுலேர்ந்து அந்தப் பொண்ணு எனக்காகத்தான் ஒரு ராத்திரியில வந்துடற தூரத்துலயே வேலை தேடிட்டிருக்கா. எனக்குத் தெரியாதா?"

"மாட்டிக்குவே அக்கா. ரெண்டு வருஷம் வீடியோவுல பேசணும்."

"போனை மூக்குகிட்ட வெச்சுக்கறேன். வயசானவங்க எல்லாரும் அப்படித்தான பேசறாங்க. நெத்தி மட்டுந்தான் தெரியும்."

மாவு அதட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். கடைசியில் ஒப்புக்கொண்டாள், ஆனால் சும்மா ஒப்புக்கொள்ளவில்லை. புதிதாக இரண்டு கண்ணாடி வாங்கி, ஒன்றைக் கயிறு கோத்து வாசல் ஆணியில் மாட்டவேண்டும். இன்னொன்று மாவு வீட்டில் இருக்கும். வீட்டுச் சாவி ஒன்றும் மாவுவிடம் இருக்கும். காலை எட்டு மணிக்கு சோடாக்கா ஒரு மிஸ்டு கால் கொடுக்கவேண்டும், கொடுக்காவிட்டால் மாவு பஸ் ஏறிவிடுவாள்.

மறுவாரம், லேபில் பல் சுடும்போது போட்டுக்கொள்கிற கறுப்புக் கண்ணாடியோடு சோடாக்காவை மாவு எடுத்த போட்டோ, ஆபரேஷன் முடிந்துவிட்டது என்று மகளுக்குப் போயிற்று. மகள் தானும் வருவேன் என்று குதித்தாள். "பத்து நிமிஷ வேலைடி, மாவு கூட இருந்தா, முடிஞ்சே போச்சு. நீ உன் பேப்பர் வேலையப் பாரு," என்றாள் சோடாக்கா. போனில் மகள் அழுதது கேட்டது. சந்தோஷத்தில் அழுதாள். சோடாக்கா பெட்டி வாங்கியாச்சா என்று கேட்டுப் பேச்சை மாற்றினாள்.

கிளம்புவதற்கு முன் மகள் இரண்டு நாள் அம்மாவோடு வந்து இருந்தாள். அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே சோடாக்கா வீட்டுக்குள் கண்ணாடி இல்லாமல் நடந்து பழகினாள். கட்டிலிலிருந்து கதவுக்கு ஏழு அடி, அடுப்பிலிருந்து தண்ணீர்ப் பானைக்குக் கையை நீட்டினால் போதும். காலண்டரில் என்ன படம், எதிர் மாடியில் எத்தனை தொட்டி என்று எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவைத்தாள். பரீட்சைக்குக்கூட அவள் இப்படிப் படித்ததில்லை.

வாசலில் ஒரு பச்சை நிறம் வந்து அவளைக் கட்டிக்கொண்டது.

"அம்மா! உன் கண்ணு எவ்ளோ பெருசா இருக்கு! கண்ணாடிக்குள்ள புள்ளி மாதிரி இருக்கும். சரி, நான் எப்படி இருக்கேன், சொல்லு."

"மெலிஞ்சுட்டே," என்றாள் சோடாக்கா. எந்த அம்மாவும் பார்க்காமலே சொல்லக்கூடிய பதில் அது.

இரண்டு நாளும் ஒப்பேறிவிட்டது. டீ ஊற்றும்போது ஒருமுறை டம்ளர் நிரம்பி வழிந்தது. "ஆபரேஷனுக்கு அப்பறம் கொஞ்ச நாளைக்குக் கூச்சமா இருக்குமாம், படிச்சேன்," என்று மகளே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். நம்ப ஆசைப்படுகிறவளை ஏமாற்றப் பெரிய சாமர்த்தியம் வேண்டியதில்லை. அதுதான் சோடாக்காவுக்கு வேதனையாக இருந்தது. மகள் பேசிக்கொண்டே இருந்தாள், பெட்டியை அடுக்கினாள், பிரித்தாள், மறுபடி அடுக்கினாள். இவள் குரலைப் பார்த்து முகத்தைத் திருப்பித் திருப்பிச் சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு மாதம் கழித்து வந்த மகள் எதிரே இருக்கிறாள். அவள் முகம் தெரியவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மகள் தூங்கிப்போனாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. சோடாக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் மண்டியிட்டாள். மூச்சுக்காற்று படாமல் முகத்தை மெல்லக் கொண்டுபோனாள். பழுப்பாக இருந்த கலங்கல் தெளிந்து தெளிந்து மகளானது. மூக்கு நுனியில் வேர்வை. உதட்டோரம் உலர்ந்த எச்சில். கன்னத்தில் தலையணை மடிப்பின் தடம். இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால் மடியில் கிடந்த அதே முகம், பெரிதாகியிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தாள். இடது புருவத்துக்கு மேல் புதிதாக ஒரு தழும்பு, மூன்று தையல், இன்னும் சிவப்பு ஆறவில்லை. லிஃப்ட் கூண்டின் கூரையில் இடித்துக்கொண்டிருப்பாள். போனில் சொல்லவே இல்லை.

இப்போது கேட்கவும் முடியாது. நல்ல கண் உள்ளவள் என்றால் நேற்று வாசலிலேயே கேட்டிருக்க வேண்டும். கையை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். மகள் புரண்டு படுத்தபோதுதான் எழுந்து சமையலறைக்குப் போனாள்.

மறுநாள் மத்தியானம் விமானம். காலையில் மகள் எதைப் போட்டுக்கொள்வது என்று கேட்டாள்.

"அந்தச் சிவப்புச் சட்டையப் போட்டுக்கோ. உனக்கு எடுப்பா இருக்கும்."

அவளுக்கு எடுப்பாக இருக்குமோ என்னவோ, இவளுக்குக் கூட்டத்தில் கண்டுபிடிக்க வசதியாக இருக்கும். மாவும் கூட வருவதாகத்தான் இருந்தது. கடைசி நேரத்தில் அவசரமாக நாலு தாடை அச்சு வந்துவிட்டதால் வரமுடியவில்லை.

விமான நிலையத்தில் பயணிகள் மட்டும்தான் உள்ளே போகலாம். மற்றவர்கள் நீளமான கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும். மகள் கட்டிக்கொண்டாள். அந்த அரை நிமிஷம் அவள் காது மட்டும் சோடாக்காவுக்குத் துல்லியமாகத் தெரிந்தது.

"உள்ள போய் வரிசையில நின்னதும் கை காட்டறேன். இங்கயே நில்லு, போயிடாதே."

"போகமாட்டேன். நீ போ."

சிவப்பு நிறம் வாசலுக்குள் போயிற்று. பல நிறங்களோடு கலந்தது, காணாமல் போனது, பிறகு வலது பக்கமாக ஒரு தூணருகே மறுபடி தெரிந்தது. சோடாக்கா கையைத் தூக்கினாள். சிவப்பு நின்ற இடத்திலேயே நின்றது. அழுகிறாளோ? இவள் சிரித்துச் சிரித்துக் கை காட்டினாள். முத்தம்கூடக் காற்றில் அனுப்பினாள், வாழ்க்கையில் செய்யாத காரியம். சிவப்பு அசையவில்லை. ஐந்து நிமிஷம் ஆனது, பத்து நிமிஷம் ஆனது. வரிசை என்றால் நகராதா?

மெல்லச் சந்தேகம் வந்தது. பக்கத்தில் நின்றவர்களுக்குப் பின்னால் ஒதுங்கி, பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். தூணில் தீயணைக்கும் சிலிண்டர் ஒன்று மாட்டியிருந்தது. நல்ல சிவப்பு.

இடது பக்கம், வலது பக்கம், கோடிவரை பார்த்தாள். இப்போது எல்லோர் முகமும் தெரிந்தது. யாரோ ஒரு கிழவி, யாரோ இரண்டு குழந்தைகள், பெட்டி தள்ளுகிறவர்கள். மகள் இல்லை. உள்ளே போய்விட்டிருந்தாள்.

கையில் போன் அடித்தது.

"அம்மா." மகளின் குரல் அடைத்திருந்தது. "செக்கிங் முடிச்சு உள்ள வந்துட்டேன்."

"சரிடி. பத்திரமா போயிட்டு வா."

"நான் அவ்ளோ நேரம் கை காட்டினேன். குளிருதுன்னு கோட்டு போட்டுக்கிட்டு நேரா உனக்கு எதிர்லதான்மா நின்னேன். நீ என்னைப் பாக்கவே இல்ல. மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டே."

சோடாக்கா தூணிலிருந்த சிவப்புச் சிலிண்டரை மறுபடி பார்த்தாள்.

"வந்ததுலேர்ந்தே நீ சரியில்ல. நெத்தியில தையல் போட்டு வந்திருக்கேன், என்னன்னு ஒரு வார்த்தை கேக்கல. எப்ப கேப்பே, எப்ப கேப்பேன்னு பாத்துட்டே இருந்தேன். தனியா விட்டுட்டுப் போறேன்னு கோவமா?"

அழுகை வந்துவிட்டது, அதனால் திரும்பிக்கொண்டேன் என்று சொல்லலாம். சொன்னால் அந்தப் பெண் பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு வெளியே ஓடி வரும். கண் தெரியவில்லை என்று சொன்னால் கேட்கவே வேண்டாம். கோபக்கார அம்மாவை விட்டுவிட்டுத்தான் ஒரு மகளால் விமானம் ஏற முடியும்.

"அம்மா, இருக்கியா? கோவமான்னு கேட்டேன்."

"ஆமா," என்றாள் சோடாக்கா. "கோவந்தான்."

அந்தப் பக்கம் மகள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"சரிம்மா. நான் அங்க இறங்கினதும் கூப்பிடறேன். அதுக்குள்ள கோவம் போயிடுமா?"

"போயிடும்," என்றாள்.